பாம்புக்குத் துடக்குக் காத்த மாதம்

என் மகள் என்னிடம் எதையும் ஒப்படைக்கிறவள் அல்ல. பத்தொன்பது வயதில் தனியாக இருக்கப் போனபோது தன் பெட்டிகளையெல்லாம் தானே கீழே இறக்கினாள். லிப்டுக்குள் நான் ஒரு தலையணையைப் பிடித்துக்கொண்டு நின்றேன். அதையும் வாங்கிக்கொண்டாள். அதனால் போன இலையுதிர் காலத்தில் அவள் போன் எடுத்து, "அம்மா, உங்களிட்டை ஒரு உதவி கேக்கலாமோ?" என்றபோது நான் அடுப்பை நிறுத்திவிட்டுக் கதிரையில் இருந்துகொண்டேன்.

அவளுக்கு நோர்வேயின் வடகோடியில், ஹம்மர்பெஸ்டில் இரண்டு வருட வேலை கிடைத்திருந்தது. அங்கே வேலை செய்கிறவர்களுக்குக் கொடுக்கும் வீட்டில் பிராணிகள் வைத்திருக்க விடமாட்டார்களாம். அவளிடம் ஒரு பாம்பு இருந்தது.

அந்தப் பாம்பை அவள் வாங்கியது ஆறு வருடத்துக்கு முந்தி. இந்த நாட்டில் வீட்டில் பாம்பு வளர்க்கலாம் என்று சட்டம் வந்த பிறகு. "நீ அதை வைச்சிருக்கும் மட்டும் உன்ரை வாசல் மிதிக்க மாட்டன்" என்று நான் சொன்னேன். மிதிக்கவும் இல்லை. ஆறு வருடமும் அவள்தான் நான் இருக்கும் குரோருட்டுக்கு என்னைப் பார்க்க வந்தாள். அவள் வீட்டுத் திரைச்சீலை என்ன நிறம் என்றுகூட எனக்குத் தெரியாது. நான் சொன்ன சொல்லை மாற்றுகிறவள் அல்ல. ஆனால் பாம்பு என் வாசலுக்கு வந்தால் அது வேறு கதைதானே.

"உங்களாலை ஏலுமோ?" என்றாள்.

"ஏலாதெண்டு நான் எப்ப சொன்னனான்?"

"பயமில்லையோ?"

"இருவது வருசம் பள்ளிக்கூடம் துடைச்சனான். இந்தப் பிள்ளையளின்ரை கக்கூசைப் பாத்தவளுக்குப் பாம்பு என்ன பயம்?"

அவள் சிரித்தாள். என்னோடு கதைக்கும்போது அவள் அப்படிச் சிரித்துக் கன காலம்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை கண்ணாடிப் பெட்டியையும் பாம்பையும் கொண்டுவந்து, விறாந்தைக் கதவுக்கு எதிர்ப்பக்கச் சுவரோடு வைத்தாள். அது ஒரு சின்ன மலைப்பாம்பு. தோளிலிருந்து விரல்வரை என் கை நீளம்தான், ஆனால் உடம்பு நல்ல தடிப்பு. கறுப்பும் கபிலமுமாய்த் திட்டுத்திட்டாக இருக்கும். பயந்தால் பந்து மாதிரிச் சுருண்டு தலையை உள்ளே வைத்துக்கொள்ளும். கடிக்காது. மகள் அதற்கு ஒரு பெயர் வைத்திருந்தாள். நான் அந்தப் பெயரைச் சொல்லவில்லை. ஊரில் நாகதம்பிரான் கோயிலில் பாம்புச் சாமிக்குப் பொங்கின எனக்குப் பாம்பைப் பேர் சொல்லிக் கூப்பிட வராது. "அவர்" என்றுதான் சொல்லுவேன்.

"அம்மா, அது பெட்டை" என்றாள் மகள்.

"பெட்டையெண்டாலும் அவர்தான்."

நான் மூன்றாம் வகுப்போடு நின்றவள். எழுத்துக்கூட்டி வாசிப்பேன், எழுதுவேன், ஆனால் நேரம் எடுக்கும். மகளுக்கு அது தெரியும். அதனால் ஒன்றையும் எழுதித் தராமல் எல்லாவற்றையும் செய்து காட்டினாள். பெட்டிக்குள் ஈரம் எவ்வளவு என்று காட்டும் வட்ட மீட்டர் ஒன்று ஒட்டியிருந்தது. முள் நிற்க வேண்டிய இடத்தில் சிவப்பு நகப்பூச்சால் ஒரு கோடு போட்டுவிட்டாள். "இந்தக் கோட்டுக்குக் கீழை இறங்கினால் தண்ணி அடியுங்கோ அம்மா. காலமை ஒருக்கா, பின்னேரம் ஒருக்கா. அது உள்ளை போய்ப் படுக்கிற இந்தப் பாசிப் பெட்டியும் ஈரமாய் இருக்கவேணும். வின்டரிலை ஹீட்டர் போட்டால் வீட்டுக் காத்து காஞ்சுபோம். காத்து காஞ்சால் அதாலை தோல் கழட்டேலாது."

சாப்பாடு பத்து நாளைக்கு ஒருமுறை. உறைய வைத்த எலி. என் பிரீசரில் கறிவேப்பிலைக்கும் துருவின தேங்காய்க்கும் கீழே, பேப்பரில் சுற்றி வைத்தேன். வெள்ளிக்கிழமை நான் மச்சம் மாமிசம் தொடமாட்டேன். ஆகவே பத்தாம் நாள் வெள்ளியில் விழுந்தால் அவருக்குச் சனிக்கிழமைதான் சாப்பாடு. மகளிடம் சொன்னேன். "அதுக்கும் விரதமோ?" என்று கேட்டாளே தவிர வேண்டாமென்று சொல்லவில்லை.

காலையில் முழுகி, சாமி அலுமாரியில் விளக்கு வைத்து, அதன் பிறகுதான் தண்ணீர்ப் போத்தலை எடுப்பேன். பூவாளி மாதிரி மெல்லத் தெளிக்கும் போத்தல். தெளிக்கத் தெளிக்கக் கண்ணாடி புகைபோலாகும். அவர் மெல்ல வெளியே வந்து, மூக்கில் நின்ற துளியை நாக்கால் எடுப்பார். எனக்கு அது அபிஷேகம் மாதிரித்தான் இருந்தது. அப்படி நினைத்ததுதான் பிழை என்று இப்போது தெரியும். பாம்புக்குத் தண்ணீர் தெளிப்பது பாம்புக்குத் தண்ணீர் தெளிப்பது மட்டும்தான்.

மகள் ஒவ்வொரு பின்னேரமும் போன் எடுத்தாள். முந்தி மாதத்தில் இரண்டு தரம் எடுப்பவள். முதலில் பாம்பைப் பற்றிக் கேட்பாள், பிறகு மற்றக் கதை. அங்கே சூரியன் இப்போது எழும்புவதே இல்லையாம். மான்கள் றோட்டால் நடந்து கடைக்கு முன்னால் நிற்குமாம். சமைக்கும்போது போனைப் பக்கத்தில் வைத்துவிட்டு, "அம்மா, மிளகுத்தூள் எப்ப போடுறது?" என்று கேட்பாள். இது எல்லாம் பாம்பால் வந்தது. நான் அதை நன்றாக விளங்கிக்கொண்டிருந்தேன்.

தை மாதம் என் கணவரின் தமையன் யாழ்ப்பாணத்தில் செத்துப்போனார்.

அந்த மனிசன் எங்கள் கலியாணத்தில், சபை நடுவில், "தம்பி ஒரு கையெழுத்துத் தெரியாதவளைக் கொண்டுவந்திட்டான்" என்று சொன்னவர். எனக்குக் கையெழுத்துத் தெரியும். அன்றைக்குப் பதிவுப் புத்தகத்தில் வைத்துக் காட்டினேன். அதன் பிறகு அவரோடு நான் கதைத்தது குறைவு. ஆனால் இரத்த உறவு இரத்த உறவு. கணவர் உயிரோடு இருந்திருந்தால் சாவுத் தீட்டை, எங்கள் சொல்லில் துடக்கை, முப்பத்தொரு நாள் காத்திருப்பார். அவர் இல்லாதபடியால் நான் காத்தேன். அந்தக் குடும்பத்தில் ஒருவரும் என்னைப் பற்றி, இவள் முறை தெரியாதவள் என்று வாய் திறக்கக்கூடாது. விளக்கு ஏற்றவில்லை. சாமி அலுமாரியைச் சீலையால் மூடினேன். கோயில் பக்கம் போகவில்லை.

பாம்பையும் நான் தொடவில்லை.

துடக்குக்காரி அவருக்குத் தண்ணீர் தெளிக்கலாமோ? அதை ஆரிடமும் கேட்கவில்லை. எனக்கே தெரியும் என்று நினைத்தேன். குடிக்கத் தண்ணீர் மட்டும், தாகத்தில் கிடக்கவிடுவது பாவம் என்று, நீட்டு மூக்குள்ள பூச்சாடிக் குவளையால் தூரத்தில் நின்று ஊற்றினேன். அந்த மாதம் எலியும் கொடுக்கவில்லை. வெளியே பூச்சியத்துக்குக் கீழே பதினைந்து பாகை குளிர். ஹீட்டர் இரவு பகலாய் எரிந்தது. என் உதடே வெடித்திருந்தது. மீட்டர் முள் சிவப்புக் கோட்டை விட்டுக் கீழே இறங்கி, மற்றப் பக்கத்தில் போய்ப் படுத்துக்கொண்டது.

மகள் பின்னேரம் போன் எடுப்பாள். "தெளிச்சனீங்களோ?"

"ஓம்."

முதல் நாள் அதைச் சொல்லிவிட்டு உடனே சாப்பாட்டுக் கதைக்குத் தாவினேன். பிறகு தாவவும் தேவைப்படவில்லை. துடக்கென்று சொன்னால் அவள் சிரிப்பாள், அல்லது ஏசுவாள். அதைவிட, ஆரையாவது அனுப்பிப் பாம்பை எடுத்துக்கொண்டு போகச் சொல்லுவாள். பிறகு எந்தப் பின்னேரம் போன் வரும்? அதோடு, அம்மாவால் ஏலாமல் போய்விட்டது என்று ஆகும். அதை நான் ஆகவிட மாட்டேன்.

பத்தாம் நாளளவில் பாம்பின் கண் இரண்டும் பால் விழுந்ததுபோல் வெளுத்தன. தோல் கழட்ட முந்தி அப்படி வரும் என்று மகள் சொல்லியிருந்தாள். பிறகு கண் தெளியும், தெளிந்து சில நாளில் காலுறை கழட்டுகிற மாதிரி ஒரே தோலாய்க் கழட்டிப் போட்டுவிடும், நீங்கள் ஒன்றும் செய்யத் தேவையில்லை என்றாள். நான் காத்திருந்தேன். தாடையில் வெங்காயச் சருகு மாதிரி ஒரு துண்டு கிளம்பியது. அவ்வளவுதான். கல்லில் உரசிப் பார்த்தது. கட்டையில் உரசிப் பார்த்தது. தோல் துண்டு துண்டாய் வெடித்து உடம்போடு ஒட்டிக்கொண்டு நின்றது. வாலில் வளையம் வளையமாக இறுகிக் கிடந்தது. காய்ந்த பாசிப் பெட்டிக்குள் போய்ப் படுக்கும், திரும்ப வெளியே வரும், திரும்பப் போகும்.

நான் இதையெல்லாம் பார்த்துக்கொண்டு கதிரையில் இருந்தேன். இன்னும் பத்து நாள். இன்னும் ஒன்பது நாள். இதை எழுதக் கை கூசுகிறது, ஆனால் அப்படித்தான் இருந்தேன்.

முப்பத்தோராம் நாள் விடிய எழும்பி வீடு முழுக்கக் கழுவி, மஞ்சள் தண்ணீர் தெளித்து, முழுகிப்போட்டுக் கண்ணாடிப் பெட்டியைத் திறந்தேன். கையில் எடுத்தபோது காய்ந்த வாழைமடலைத் தூக்கின மாதிரி இருந்தது.

கீழ்வீட்டில் ஒரு மதுரைப் பிள்ளை இருக்கிறாள். புருஷனுக்குக் கம்ப்யூட்டர் வேலை. அவளுக்கு என் தமிழ் பாதி விளங்காது, எனக்கு அவள் வேகம் விளங்காது. ஆனாலும் நல்ல பிள்ளை, போனில் எதையும் தேடி எடுத்து வாசிப்பாள். கூட்டிக்கொண்டு வந்தேன். பாம்பைக் கண்டதும் கதிரையில் ஏறி நின்றுவிட்டாள்.

"ஐயையோ ஆன்ட்டி, அது என்னையே பாக்குது!"

"அவருக்கு இப்ப கண் தெரியாது பிள்ளை. இறங்கு."

"நான் இங்கயே நிக்கிறேன். இங்கேருந்தே படிக்கிறேன், நீங்க செய்யுங்க."

அவள் கதிரையில் நின்று வாசித்தாள். இளஞ்சூட்டுத் தண்ணீரில் அரை மணி நேரம் விட வேண்டும், தண்ணீர் அதன் முதுகளவுக்கு மேல் போகக்கூடாது, பிறகு ஈரத் துவாயில் சுற்றி அதுவே ஊர்ந்து வெளியே வர விட வேண்டும், இழுக்கக் கூடாது. நான் உடுப்புத் தோய்க்கும் பேசினில் தண்ணீர் விட்டேன். பாம்பு தலையை மட்டும் வெளியே நீட்டிக்கொண்டு கிடந்தது. ஒருமுறை நீளமாய் மூச்சு விட்டது. அந்தச் சத்தம் மனிசர் மாதிரியே இருந்தது.

"ஏன் ஆன்ட்டி இவ்ளோ நாள் விட்டீங்க?"

"துடக்குப் பிள்ளை. முப்பத்தொரு நாள்."

"எங்க ஊர்ல பதினாறோட தீட்டு முடிஞ்சிரும்." போனிலிருந்து கண்ணை எடுத்தாள். "பாம்புக்குமா ஆன்ட்டி தீட்டு?"

நான் துவாயைப் பிழிந்துகொண்டிருந்தேன்.

துவாய்க்குள்ளிருந்து அது ஊர்ந்து வரவரத் தோல் திரண்டு திரண்டு வந்தது. முதுகில் பெரிய பெரிய துண்டாய்க் கழன்றது. கீழே புதுத்தோல், எண்ணெய் பூசின மாதிரிப் பளபளவென்று. மதுரைப் பிள்ளை கதிரையை விட்டு இறங்கி ஒரு விரலால் தொட்டுப் பார்த்தாள். "ஸாஃப்டா இருக்கு ஆன்ட்டி!" என்றாள். அந்த ஒரு மணித்தியாலம் எல்லாம் சரிவரும் போலத்தான் இருந்தது.

வால் நுனி மட்டும் கறுத்திருந்தது. வளையத்தை ஊறவைத்து எடுத்த பிறகும் கறுப்புப் போகவில்லை. இரண்டு கண்ணிலும் பழைய தோல் மூடி மாதிரி ஒட்டியிருந்தது. பாம்புக்கு இமை இல்லை. கண்ணுக்கு மேல் இருக்கும் கண்ணாடி போன்ற தோலும் சட்டையோடு சேர்ந்து கழர வேண்டுமாம்.

"கண்ல மட்டும் கை வைக்கவே கூடாதுன்னு ரெண்டு தடவ போட்டிருக்கு ஆன்ட்டி. டாக்டர்ட்டதான் போகணுமாம்."

டொக்டரிடம் போனால் மகளுக்குத் தெரியாமல் போகாது. பாம்பு அவள் பெயரில் இருக்கிறது. அடுத்த சனிக்கிழமை அவள் ஒரு வார லீவில் வர இருந்தாள். எனக்கு ஆறு நாள் இருந்தது.

ஒவ்வொரு நாளும் ஊறவைத்தேன். சிவப்புக் கோட்டுக்கு மேலே முள்ளை நிறுத்தினேன். எலி கொடுத்துப் பார்த்தேன், திரும்பியும் பார்க்கவில்லை. மூன்றாம் நாள் வலக்கண் மூடி தன்பாட்டில் துவாயில் வந்தது. மீன் செதில் மாதிரி. அடியில் கண் கறுத்த பாசிமணி போல இருந்தது. நான் அந்தச் செதிலை ஒரு சோசரில் போட்டு வைத்து அன்று முழுக்கப் பார்த்துக்கொண்டிருந்தேன். இடக்கண் வரவில்லை. பாலாடை மாதிரிச் சுருங்கி அப்படியே நின்றது.

வெள்ளிக்கிழமை மத்தியானம். நாளைக்கு மகள் வருவாள். பஞ்சில் நல்லெண்ணெய் தொட்டு அந்தக் கண்ணில் வைத்தேன். பத்து நிமிடத்தில் விளிம்பு கிளம்பின மாதிரி இருந்தது. வலக்கண் எப்படி வந்ததென்று பார்த்தவள்தானே, எனக்குத் தெரியும் என்று நினைத்தேன். நகத்தைக் கொடுத்து இழுத்தேன்.

வந்தது. ஆனால் மற்றதை விடத் தடிப்பாய், ஈரமாய் வந்தது. ஒருநாளும் சீறாத பாம்பு சீறியது. பந்தாய்ச் சுருண்டு தலையை உள்ளே வைத்துக்கொண்டது. என் விரலில் ஒட்டியிருந்தது பழைய தோல் மட்டும் இல்லை என்று எனக்கு விளங்கியது.

அன்று பின்னேரமும் போன் வந்தது. "அவர் எப்பிடி?" என்றாள். அவளும் "அவர்" என்று சொல்லத் தொடங்கியிருந்தாள்.

"நல்லாயிருக்கிறார்" என்றேன்.

சனிக்கிழமை அவள் ஜாக்கெட்டைக் கழட்டாமலே பெட்டிக்குக் கிட்டப் போனாள். பாம்பை எடுத்தாள். தலையைத் திருப்பிப் பார்த்தாள். கன நேரம் பார்த்தாள். "சாப்பாட்டை மூடி வையுங்கோ அம்மா, டொக்டரிட்டைப் போவம்" என்றாள். குரல் உயரவில்லை.

டொக்டர் ஒரு வயதான நோர்வேஜியப் பெண். மெல்லிய கை. லைட் அடித்துப் பார்த்துவிட்டு, வீட்டில் எவ்வளவு காலம் காற்றுக் காய்ந்திருந்தது என்று கேட்டார். நான் வாய் திறக்க முந்தி மகள் சொன்னாள்: அப்படி இருக்க வழியில்லை, என் அம்மா ஒரு நாளும் தவறாமல் தெளிக்கிறவர், நான் ஒவ்வொரு நாளும் கேட்கிறனான், வேறு ஏதோ வருத்தமாக இருக்க வேண்டும். அவள் அதை இந்த நாட்டு மொழியான நொஸ்கில் சொன்னாள். எனக்கு எல்லாம் விளங்கியது. என் மகள் என்னைப் பற்றி ஒரு ஆளுக்கு முன்னால் இப்படி எடுத்துச் சொல்லி நான் கேட்டதே இல்லை.

"ஒரு மாதம்" என்று நானும் நொஸ்கில் சொன்னேன். "ஒரு மாதம் நான் தெளிக்கவில்லை. கண்ணை இழுத்ததும் நான்தான்."

டொக்டர் கண்ணாடியைக் கழட்டிவிட்டுத் திரும்பப் போட்டுக்கொண்டார். மகள் பாம்பைத்தான் பார்த்துக்கொண்டு நின்றாள்.

இடக்கண்ணை எடுத்தார்கள். வால் நுனியை வெட்டினார்கள். உள்ளேயும் கிருமி போயிருக்கலாம், பிழைக்கும் என்று சொல்ல முடியாது என்றார்கள். வரும்போது டி-பானே ரயிலில் மகள் மடியில் பெட்டியை வைத்துக்கொண்டு இருந்தாள். எதிர்ச் சீட்டில் நான். இரண்டு மூன்று ஸ்டேஷன் போன பிறகு கேட்டாள்.

"ஏன் அம்மா?"

"துடக்கு. உன்ரை பெரியப்பாவுக்கு."

"அந்தப் பெரியப்பாவுக்கோ?" என்றாள். பெட்டி மூடியை ஒருமுறை அழுத்தினாள். "துடக்கெண்டு சொல்லியிருந்தால் நான் ஆரையாவது அனுப்பியிருப்பன். நான் ஏசியிருக்க மாட்டன். நீங்கள் வெள்ளிக்கிழமை எலி குடுக்கேல்லை எண்டதுக்கு நான் ஏசினனானோ?"

"இல்லை."

"ஒவ்வொரு நாளும் கேட்டனான். ஒவ்வொரு நாளும் ஓம் எண்டனீங்கள்."

மன்னிப்புக் கேட்கிற பழக்கம் எனக்கு இல்லை. அந்தச் சொல் வாய்க்குள் வந்தது. இறங்க வேண்டிய ஸ்டேஷனும் வந்தது.

அந்த வாரம் முழுக்க அவள் சோபாவில் படுத்தாள். ஊசி மருந்தைத் தானே போட்டாள். நான் துவாயைப் பிடிக்கக் கிட்டப் போனால், "வேண்டாம் அம்மா, நீங்கள் இருங்கோ" என்பாள். மரியாதையாய்த்தான் சொன்னாள். நான் ஆக்கிப் போட்டதையெல்லாம் சாப்பிட்டாள். எனக்குக் கேட்காத மாதிரி ஆரோடோ போனில் கதைத்தாள்.

போகிற நாள் காலையில் ட்வெய்ட்டாவிலிருந்து ஒரு பெண் கார் கொண்டுவந்தாள். பாம்புகள் வளர்க்கிறவளாம். மகளுக்கு வேலையில் பழக்கமானவளாம். கண்ணாடிப் பெட்டியையும் பாசிப் பெட்டியையும் மீட்டரையும் கொண்டுபோனார்கள். பிரீசரிலிருந்து எலிப் பொதியையும் மகள் மறக்காமல் எடுத்தாள். பாம்பைத் துணிப்பையில் போட்டு, பையை ஒரு பெட்டிக்குள் வைத்தாள். அந்தப் பெட்டியை நான் வாங்கிக்கொண்டு கீழே போனேன். அதை மட்டும் விட்டாள்.

கார்க் கதவடியில் அந்தப் பெண் என்னைப் பார்த்து, எலியைத் தலைப் பக்கமாக நீட்டினால் எடுக்குமா, வால் பக்கமாக நீட்ட வேண்டுமா என்று கேட்டாள். தலைப்பக்கம், இனி வலக்கண் பக்கமாய், மெல்ல, தண்ணீர் தெளித்துக் கொஞ்ச நேரத்துக்குப் பிறகு. நாலு மாதம் நான் கொடுத்த சாப்பாடு. நொஸ்கில் சொல்லத் தொடங்கினேன்.

"நான் சொல்லுறன் அம்மா" என்றாள் மகள். பெட்டியை என் கையிலிருந்து எடுத்துச் சீட்டில் வைத்து பெல்ட்டைப் போட்டாள்.

"சாப்பிட்டிட்டுப் போவன்" என்றேன்.

"பிளேனுக்கு நேரம் போச்சுது. இவவோடையே போய் இறங்கிறன்."

இப்போது ஞாயிற்றுக்கிழமைகளில் போன் எடுப்பாள். எல்லா ஞாயிறும் இல்லை. அங்கே சூரியன் வந்துவிட்டதாம். இங்கே பனி உருகிவிட்டது என்று நான் சொல்லுவேன். என் மருந்துக் குளிசை முடிந்துவிட்டதா என்று கேட்பாள். பாம்பைப் பற்றி அவளும் கதைப்பதில்லை, நானும் கேட்பதில்லை. ட்வெய்ட்டா எனக்கு அரை மணித்தியாலத் தூரம்கூட இல்லை. ஆனால் எந்த வீடு என்று தெரியாது, தெரிந்தாலும் எந்த முகத்தோடு மணி அடிப்பது?

போன ஞாயிறு மட்டும் கேட்டேன். "அவர் சாப்பிடத் தொடங்கியிட்டாரோ?"

"தெரியாதம்மா" என்றாள். பிறகு, தனக்கு உடுப்புத் தோய்க்க இருக்கிறது என்று சொல்லி போனை வைத்தாள்.